கூரைக்கு ஒட்டிய ஸ்பாஞ்ச்

ஆம்பூரில் பாலாற்றங்கரைப் புறம்போக்கில் எங்கள் வீடு. நான்கு சுவர், மேலே தகர ஷீட். பட்டா இல்லாத இடத்தில் தளம் போட விடமாட்டார்கள். முன்பெல்லாம் சித்திரையில் வந்த வெயில், இப்போது மாசியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மகள் பிறந்து அதுதான் முதல் கோடை. உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலில் தூங்கவே மாட்டாள். அழுது அழுது குரலே போய்விட்டது. தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். சூடு குறையத்தான் செய்தது. ஆனால் ஆற்றில் தண்ணீரா ஓடுகிறது? மண் பறந்து படிந்து, கொஞ்ச நாளில் வெள்ளை பழுப்பாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர். பிரசவத்துக்கு முன்பு நானும் அங்கேதான் தையல் பிரிவில் இருந்தேன். அவர் கண்ணுக்கு உலகத்தில் எல்லாமே ஒட்டவேண்டிய பொருள்தான். ஷூவுக்குள் வைக்கும் மெத்தைக்கு வெட்டியதுபோக மிஞ்சிய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி மூட்டையாகக் கொண்டுவந்தார். கம்பெனிப் பசையைத் தடவி ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க ஒட்டினார்.

“வீட்டுக்கே ஷூ மாட்டி வுடுறீங்களா?” என்றேன்.

“சிரி, சிரி. நாளைக்குப் புள்ள தூங்குறப்போ பாரு.”

தூங்கினாள். அவ்வளவு நேரம் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கத்திரி வெயிலில் மகளுக்கு இருமல் தொடங்கியது. சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“வீட்ல பெயின்ட், பசை ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா? கொழந்த துணியெல்லாம் அந்த வாடையா இருக்கே” என்று கேட்டார் டாக்டரம்மா.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்குமே எந்த வாடையும் தெரியவில்லை. கம்பெனியில் பழகிய மூக்கு.

வீடு திரும்பியதும் அவர் சுரண்டியை எடுத்தார். நல்ல பசை, லேசில் விடவில்லை. ஸ்பாஞ்ச் பிய்ந்து வந்ததே தவிர, பசை ஷீட்டிலேயே நின்றது. வெக்கை பழையபடி தலையில் இறங்கியது.

“இதுக்கு மேல இன்னா பண்றது?” என்றார்.

வேர்க்குரு திரும்பிவிட்டது. தினமும் மதியம் மகளின் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்தச் சட்டையை முகர்ந்து பார்க்கிறேன். ஒரு வாடையும் இல்லை. டாக்டரம்மா கேட்ட அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.