கிணற்று மேட்டில் மஞ்சள் சேலை

இது இட்டுக்கட்டிய கதை இல்லை. நம்பாதவர்கள் குன்னத்துக்காரர் யாரையாவது கேளுங்கள், விமானம் விழுந்த காட்டைக் கைகாட்டுவார்கள். மீதியைக் கொளஞ்சியம்மாள்தான் சொல்ல வேண்டும்.

2003, மாசி மாதம். சாயங்காலம் நாலேகால். கொளஞ்சியம்மாளும் புருஷன் அய்யாக்கண்ணும் தங்கள் புன்செய்க் காட்டில், பஞ்செடுத்து முடிந்து காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவே கைப்பிடிச் சுவரில்லாத கிணறு. கட்டிக்கொடுத்த மகள் ஜெயசித்ரா, தாய்வீட்டுக்கு வந்த இடத்தில், நாலு வருஷத்துக்கு முன் அதில்தான் கால் தவறி விழுந்து செத்தாள். அந்தக் கிணற்றுக்கு முதுகைக் காட்டித்தான் கொளஞ்சி வேலை செய்வாள். மகள் கனவிலாவது ஒருதரம் வரமாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தாள். வரவே இல்லை.

வானத்தில் டப்... டப்... டப்... பயிற்சி விமானம் ஒன்று. பிறகு சத்தமே இல்லை. எஞ்சின் நின்றுபோய்க் காட்டுக்குள் இறங்கியது. பருத்திமாரை முறித்துக்கொண்டு நேரே கிணற்றைப் பார்த்து ஓடியது.

கடைசி நொடியில் சட்டென்று திரும்பியது. இறக்கை முறிந்து நின்றது.

ஓட்டிவந்தவன் மகேஷ், திருச்சிப் பையன். கால் முறிந்திருந்தது. இருவரும் வெளியே இழுத்துப்போட்டார்கள்.

"அந்த அக்காவுக்கு ஒண்ணும் ஆவலயே?"

"எந்த அக்கா தம்பி?"

"மஞ்ச சேல... கெணத்து மேட்டுல நின்னு, வராத வராதன்னு கையாட்டுனாங்களே. அதப் பாத்துதான் திருப்புனேன்."

அய்யாக்கண்ணு காடு முழுக்கத் தேடினார். யாருமில்லை.

செத்த அன்று ஜெயசித்ரா கட்டியிருந்தது மஞ்சள் சேலை.

கொளஞ்சிக்குப் பயம் வரவில்லை. பெற்றவள் கண்ணில் படாமல் யாரோ ஒருவன் கண்ணுக்குத் தெரிந்தாளே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு இளநீரோடு போனாள்.

"அது எம்மவதான் தம்பி. எப்புடி இருந்தா?"

"நனஞ்சிருந்தாங்கம்மா... ஆமா, இடுப்புல இருந்த கொழந்த யாரும்மா?"

கொளஞ்சி இளநீரைக் கீழே வைத்தாள்.

"பொண்ணா... ஆணா?"

"பொண்ணு. ரிப்பன் கட்டியிருந்துச்சு, மூணு வயசு இருக்கும். கனம் தாங்காம அவங்க ஒருபக்கமா சாஞ்சி நின்னாங்க."

சாவதற்கு முந்தின நாள்தான், முழுகாமல் இருப்பதை ஜெயசித்ரா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மூணு மாசம் முடியட்டும், கண்ணு படும் என்று அவள் வாயை அடைத்ததே கொளஞ்சிதான். செத்த பிறகு, மருமகனிடம் இன்னொரு சாவையும் சொல்ல மனசு வரவில்லை. பிள்ளைத்தாச்சி செத்தால் அவள் பாரத்தை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். யாருக்கும் தெரியாததால் ஜெயசித்ராவுக்கு நடவில்லை.

"அடி எங் கண்ணே... இன்னுமாடி சொமக்குற?"