கேட்டுக்குள் நுழையாத திட்டம்

ராணுவத்தின் திட்டப் பிரிவில் நான் மேஜராக இருந்தபோது டெல்லியிலிருந்து ஒரு பாதுகாப்புக் கொள்கை வந்தது. அதில் எங்களுக்கென்று இருந்தது ஒரே வரி. கடல் கடந்த நாட்டில் நெருக்கடி வந்தால் அங்குள்ள நம் மக்களை விரைந்து மீட்டு, பாதுகாப்பாகத் தங்கவைக்க வேண்டும். அந்த வரியைச் சென்னைக்கான திட்டமாக்குவது என் வேலை.

விரைந்து என்றால் எத்தனை மணி நேரத்தில்? எத்தனை பேர் வருவார்கள்? படையை வெளியே அனுப்ப யார் உத்தரவிடுவது? கேட்டு எழுதினேன். "சூழ்நிலைக்கேற்ப முடிவு செய்யப்படும்" என்று பதில் வந்தது. அந்தக் காகிதத்தைக் கசக்கி எறியலாம் போலிருந்தது. ஃபைலில் வைத்தேன்.

பழைய திட்டத்தில் தங்குமிடமாக நந்தனம் பக்கம் ஒரு மைதானத்தைக் குறித்திருந்தார்கள். யாரும் நேரில் போய்ப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, அபிராமபுரம் வீட்டிலிருந்து சுடிதாரில், அளக்கிற டேப்போடு போனேன்.

வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "இன்னா மேடம், கேட்ட அளந்துக்கினு கீறீங்க? கல்யாணப் பந்தலா?"

"பெரிய லாரி உள்ள வருமான்னு பாக்கறேன்."

"தண்ணி லாரியே ரோட்லதான் நிக்குது. பைப்பு போட்டுத்தான் உள்ள வுடுவோம்."

உள்ளே கழிப்பறை இரண்டு. ஒன்று பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் எழுதி எங்கள் கர்னலிடம் கொடுத்தேன். கோயம்புத்தூர்க்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"மேஜர், டெல்லி கேட்டது திட்டம். கேட்டோட அகலத்தையா கேட்டாங்க?"

"லாரி நுழையலைன்னா அது திட்டமே இல்ல, சார்."

"ஒத்திகையில பாத்துக்கலாம்."

ஒத்திகை நாளில் முதல் லாரி கேட்டில் சிக்கியது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அதன் பின்னால் அண்ணா சாலை வரை ஹாரன். வெயிலில் ஜவான்கள் லாரியிலிருந்த கட்டில்களைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் கையெழுத்துக்கு வந்த அறிக்கையில் "சிறு தாமதம் தவிர, திருப்திகரம்" என்றிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன், சார்."

கர்னல் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "நீங்க எழுதினதையும் சேர்த்து அனுப்பறேன்" என்றார். சொன்னபடியே அனுப்பினார். அதற்காக அவருக்கு எத்தனை போன் வந்தது என்று என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து டெல்லியிலிருந்து பதில் வந்தது. நந்தனத்தை விட்டுவிடலாம், அடையாறில் ஒரு காலி மனை இருக்கிறது, அதை வைத்துத் திட்டத்தைத் திருத்தவும். முதல்முறையாக ஒருவர் படித்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே ஜீப்பில் போனேன்.

அங்கே ஐந்து மாடி எழும்பி, ஒவ்வொரு பால்கனியிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது.