நாற்பது பொருந்தின, ஒன்று பொருந்தவில்லை

அந்த மருத்துவமனையின் கணினி அறைக்காரருக்கு ‘ரேகை’ என்ற பட்டப்பெயர் வரக் காரணம் அவரேதான். எவர் சிக்கினாலும் விடமாட்டார். “மனுஷனுக்குக் கைரேகை மாதிரி ஃபைலுக்கு ஹேஷ். அறுபத்து நாலு எழுத்து. ஃபைல்ல ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிடும்” என்று ஆரம்பித்தால், பிரிண்டரில் மை தீர்ந்ததைச் சொல்ல வந்த நர்ஸ் சொல்லாமலே போய்விடுவார். வீட்டிலும் இதே பாட்டுதான். “ஊர் ஃபைலை எல்லாம் ஒத்துப் பாக்குறீங்க, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க” என்பாள் மனைவி.

ஒரு வெள்ளிக்கிழமை, நோயாளிகளின் போன் நம்பர்கள் வெளியே கசிகின்றன என்று புகார் வந்தது. நிர்வாகி ரேகையைக் கூப்பிட்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் சீந்தாத வித்தைக்கு ஒரு மேடை! பரிசோதனை முடிவுகளை அச்சிடும் மென்பொருள் நாற்பத்தொரு கணினிகளில் இருந்தது. யாராவது அதில் கைவைத்திருக்கிறார்களா என்று அறிய, சரியான கோப்பு இதுதான் என்று தான் எழுதி வைத்திருந்த பட்டியலோடு ஒவ்வொன்றின் ஹேஷையும் ஒத்துப் பார்த்தார். நாற்பது பொருந்தின. வரவேற்பு மேசைக் கணினி மட்டும் பொருந்தவில்லை.

அந்த மேசையில் இருப்பவரை எல்லோரும் அக்கா என்பார்கள். “ஆமாம் தம்பி, நான்தான் போட்டேன். ரிப்பேர்னு மூணு தடவை கூப்பிட்டேன், நீங்க வரலை. அந்த சாஃப்ட்வேர் கம்பெனி வெப்சைட்ல இருந்து நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன்” என்றார்.

“கேக்காம போட்டது தப்புதானேக்கா?” என்றார் ரேகை, பெரிய நீதிபதி கணக்காக.

திங்கள் பதினோரு மணிக்கு விசாரணை. அக்காவை வேலையை விட்டு அனுப்பப்போவதாக நிர்வாகி சொல்லியாயிற்று.

திங்கள் காலை, அறிக்கை இன்னும் எடுப்பாக இருக்கட்டுமே என்று, கம்பெனியே தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டிருக்கும் ஹேஷை எடுத்து ஒட்டப் போனார் ரேகை. அக்காவின் கோப்போடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. மற்ற நாற்பதோடு பொருந்தவில்லை.

போன வருஷம், கம்பெனி வெப்சைட்டில் இறக்க நேரமாகிறது என்று வேறேதோ தளத்தில் அதே பெயரில் கிடந்ததை இறக்கியவர் யார்? அதன் ஹேஷையே பட்டியலில் ஏற்றி, எல்லாக் கணினிக்கும் பரப்பிய மகான் யார்? திருடனைக் கூட்டிவந்து போட்டோ எடுத்து, நம் வீட்டு ஆள் என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ‘அடேய் அறிவுக்கொழுந்தே, உன் மண்டைக்கு ஹேஷ் எடுத்தா அறுபத்து நாலு பூஜ்யம்தான்டா வரும்!’

அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. கை மௌஸ் வரை போனது. வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நிர்வாகியின் அறைக்குள் போனதும் கொட்டிவிட்டார். “சார், கெட்டது அந்த நாற்பதுதான். அக்காவோடது ஒண்ணுதான் நல்லது. நாற்பதையும் போட்டது நான்.”

“அப்போ இத்தனை நாளா எதை வெச்சுய்யா ஒத்துப் பார்த்தே?”

“என் தப்பை வெச்சேதான் சார்.”

நிர்வாகி கத்தித் தீர்த்துவிட்டு, நாற்பதையும் அன்றைக்கே மாற்றச் சொன்னார். “நீ பார்த்தா போதாது. அவங்க பக்கத்துல இருந்து சரின்னு சொல்லணும்.”

முதலில் ரேகையின் கணினி. புதிய கோப்பைப் போட்டுவிட்டு, வழக்கம்போல முதல் நாலு எழுத்தைப் பார்த்து, “பொருந்துதுக்கா” என்றார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மிச்சம்?”

“அவ்வளவு போதும்க்கா. எல்லாரும் அப்படித்தான்...”

“மூணு நாளா நான் தூங்கலை தம்பி. முழுசா வாசிங்க.”

ரேகை முதல் எழுத்திலிருந்து வாசித்தார்.