ஒன்றையொன்று கேட்ட இரண்டு கடிகாரங்கள்

என் தங்கைக்குப் பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அங்கிருக்கும் நானூறு கம்ப்யூட்டர்களையும் ஒரே மணி காட்ட வைப்பது அவள் பொறுப்பு. வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி போட ஆளில்லை, அது வேறு கதை.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரம் மலிவுச் சரக்கு. விட்டால் நாளுக்கு இரண்டு விநாடி பிந்தும். அதனால் எல்லாம் இரண்டு பெரிய சர்வர்களிடம் மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும். கேள்வி போய்ப் பதில் வரும் நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளவும் தெரியும். அந்தச் சர்வர்கள் வெளியே இருக்கும் நம்பகமான கடிகாரம் ஒன்றைக் கேட்கும்.

அன்று மதியம் போன் செய்தாள்.

"அக்கா, மூணு மணிக்கு விசாரணை. அந்த நர்ஸை வேலையை விட்டு அனுப்பிடப் போறாங்க."

விஷயம் எனக்குத் தெரியும். நர்ஸ் ஊசி போட்டதாக வார்டு கம்ப்யூட்டரில் பதிவான மணி பத்து இரண்டு. போடச் சொல்லி டாக்டர் தன் போனிலிருந்து உத்தரவு அனுப்பியது பத்து ஐந்து. உத்தரவு வருமுன்னே போட்டுவிட்டாள் என்று குற்றம். உத்தரவைப் பார்த்துத்தான் போட்டேன், கம்ப்யூட்டர் மணிதான் தப்பு என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"அவ மேல தப்பில்லக்கா. வார்டு கம்ப்யூட்டர் நாலு நிமிஷம் பின்னால ஓடுது."

"அதை அங்க போய்ச் சொல்லு. எங்கிட்ட எதுக்குடி ஓதுற?"

மெல்லச் சொன்னாள். நாலு மாதத்துக்கு முன் நெட்வொர்க்குக்குப் புதுப் பாதுகாப்பு போட்டபோது, வெளிக் கடிகாரத்துக்குப் போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டாள். கேட்க வேறு நாதியில்லாமல் இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று மணி கேட்டிருக்கின்றன. இவளோ தினமும் காலையில் அந்த இரண்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, 'சரி' என்று நோட்டில் எழுதியிருக்கிறாள்.

"நூத்தி இருபது 'சரி' இருக்குக்கா. எல்லாம் என் கையெழுத்து."

"ரெண்டும் கூடிப் பொய் சொல்லியிருக்கு. நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க."

"கிண்டல் பண்ணாத. இப்பவே சத்தமில்லாம மணியைத் திருத்திட்டா யாருக்கும் தெரியாது."

"அந்தப் பொண்ணு?"

போனில் நோட்டுப் பக்கம் புரளும் சத்தம்.

"ஏண்டி, நீ செஞ்ச கூத்துக்கு அவ வீட்டுக்குப் போகணுமா? மணி என்ன இப்போ?"

"ரெண்டு அம்பது."

"நோட்டைத் தூக்கிட்டு ஓடு!"

மாடி ஏறி ஓடியிருக்கிறாள். விசாரணை அறையில் மூன்று மணி ஆகுமுன்பே நர்ஸின் அடையாள அட்டை கழற்றி மேஜைமேல் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் முறைத்தார். இவள் தன் போனை அங்கிருந்த கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். போனில் இரண்டு ஐம்பத்தெட்டு. கம்ப்யூட்டரில் இரண்டு ஐம்பத்துநாலு.

"இதை யார் கவனிக்கணும்?"

"நான்தான் சார்." நோட்டை நீட்டினாள்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நர்ஸ் அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு நாளா நான் கத்தினதும் இதைத்தானே?" என்று இவளைப் பார்த்துக் கேட்டுவிட்டு வார்டுக்குப் போனாள்.

கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "உக்காருங்க. உங்க விளக்கத்தை எழுதுங்க."

நர்ஸ் எழுந்துபோன நாற்காலி சூடு ஆறுமுன் என் தங்கை அதில் உட்கார்ந்தாள்.