தைலம் பூசிய முழங்கால்

முதல் அறிகுறி ஒரு சத்தம்தான். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் இறங்கும்போது வலது முழங்காலுக்குள் மணல் அரைபடுவதுபோல் கேட்டது. கவனிக்காமல் விட்டேன். அந்த மெத்தனத்துக்கு மூன்று வருடம் வலித்தது. தினமும் சாயங்காலம் என் கணவர் தைலம் தேய்த்துவிடுவார்.

ஹட்டன் ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். குருத்தெலும்பு (எலும்புகள் உரசாமல் காக்கும் மெத்தை) தேய்ந்து குழி விழுந்திருந்தது. நல்ல இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்து, குழியில் வைத்தார்கள். தையல் ஆறியதும், அது நன்றாக ஒட்ட உதவலாம் என்று உயர் அழுத்த ஒட்சிசன் சிகிச்சையையும் (அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்தமான ஒட்சிசனைச் சுவாசிப்பது) சோதனையாகத் தொடங்கினார்கள். உதவலாம் என்றுதான் சொன்னார்கள். விதியை மீறினால் நீக்கிவிடுவோம் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்கள்.

பருத்தி உடுப்பு மட்டுமே போட வேண்டும். தலையில் எண்ணெய் கூடாது, ஒட்சிசன் கூடிய இடத்தில் தீப்பிடிக்கும். தலையை நன்றாக அலசினேன். முழங்காலைப் பற்றி நானும் கூட வந்திருந்த என் கணவரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் முழங்கால் வலித்தது. வழக்கம்போல அவர் தேய்த்துவிட்டார்.

இரும்புக் கதவை மூடினார்கள். உள்ளே தாதியோடு ஐந்து பேர். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் இறங்கும்போது அடைப்பதுபோல் காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன். ஒட்சிசன் முகமூடியை மாட்ட எடுத்தபோது கற்பூர வாசம் வந்தது. என் காலிலிருந்துதான்.

சொன்னால் நீக்கிவிடுவார்கள். கால் போனால் மலை வேலை போய்விடும். வேறு வேலை எனக்குத் தெரியாது. எதிரே ஒரு பெரியவர் நிம்மதியாக முகமூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த முகமூடியைக் கீழே வைத்தேன்.

"நிறுத்துங்க! கால்ல தைலம் பூசியிருக்கேங்க!"

அழுத்தத்தை மெதுவாகத்தான் குறைக்க முடியும். கதவு திறக்கும்வரை யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே டொக்டர் அம்மா நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன வேலை செய்தனீங்கள்? உள்ளுக்கை இவ்வளவு பேர் இருக்கினமெல்லே?"

"தலைக்கு மட்டுந்தான்னு நெனச்சோங்க. என்னய நீக்கிறாதீங்க."

"சொல்லாமல் விட்டிருந்தால் நீக்கிறதுக்கு ஆளே இருந்திராது," என்றார். "சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு நாளைக்கு வாங்கோ."

அங்கேயே அழுதுவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து ஸ்கேனில் குழி நிரம்பியிருந்தது. வளர்த்த குருத்தெலும்பாலா, ஒட்சிசனாலா என்று டொக்டருக்கே தெரியவில்லை. உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டு போகாதீர்கள்.

முன்பு பத்து நிமிடத்தில் இறங்கிய சரிவில் இப்போது இருபது நிமிடம் இறங்குகிறேன். ஒவ்வொரு அடியையும் காலிடம் கேட்டுத்தான் வைக்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் என் கணவர் தைலப் போத்தலோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வலிக்கலங்க."

"நெசமாவா?"

தலையாட்டினேன். அதற்குள் உள்ளங்கையில் தைலத்தை ஊற்றிவிட்டிருந்தார். அதை வீணாக்காமல் என் இடது முழங்காலில் தேய்த்துவிட்டார்.