அறுவடை முடிந்துவிட்டது என்று எழுதியவன்

பால்காரம்மா என்னிடம் மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வந்த காலையில் நான் மாடியில் உட்கார்ந்து பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாசி மாதம். குளத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனாலும் நடுவில் நிற்கும் கருவேல மரங்களைச் சுற்றி நன்றாகவே கிடந்தது. கூழைக்கடாக்கள் எத்தனை, நாரைகள் எத்தனை என்று எழுதிவைக்க ஒரு நோட்டே போட்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அதுவும் ஒரு உத்தியோகம். கீழே வாசல்படியில் பாலை ஊற்றிக் கொடுத்தவர் வழக்கம்போலத் திரும்பிப் போகாமல் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணாச்சி, செத்த எறங்கி வாங்க. ஒரு காயிதம் எழுதணும்" என்று மேலே பார்த்துச் சொன்னார். என்ன காகிதம் என்று கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டை மூடிவிட்டு இறங்கினேன்.

பாளையங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் எனக்குக் கைவந்தது ஒன்றே ஒன்றுதான். கடிதம் எழுதுவேன். எந்த மனுவுக்கும் எந்த மேலதிகாரியும் மறுப்புச் சொல்ல முடியாதபடி வாசகம் அமைப்பேன். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், பெரிய குளத்தை ஒட்டிய இந்தச் சிற்றூரில் மனை வாங்கி வீடு கட்டியபோது, இனி பேனாவைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுக்கு இந்த இடமாற்றத்தில் அவ்வளவு இஷ்டமில்லை. சொந்தபந்தம், கோயில், கடைத்தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன வாழ்க்கை என்று அவளுக்குப் பட்டது. முதல் மாதம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தவளைப் பேசவைத்தது பால்காரம்மாதான். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும், எந்தக் கடையில் புளி நன்றாயிருக்கும் என்று தொடங்கி, முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்து, அவளை "மதினி" என்று கூப்பிட்டு, இரண்டே வாரத்தில் ஒட்டிக்கொண்டார். நான் அண்ணாச்சி, அவள் மதினி. அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் உறவு அது.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பசுமாடு. குளத்துப் பாசனத்தில் கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேரும் கடைமடையில் முக்கால் ஏக்கர் வயல். கணவர் அதற்கு முந்தைய ஆடி மாதம் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு கொழுந்தனார் வந்து, பொம்பளை ஒருத்தியாக என்ன விவசாயம் பார்க்கப்போகிறீர்கள், நிலத்தை என் நிலத்தோடு சேர்த்துவிடுங்கள், மனை போட்டால் வாங்க ஆள் நிற்கிறது என்றிருக்கிறார். ஆள் என்றால் எங்களைப் போன்றவர்கள். குளம் தெரிகிற மாதிரி மனை கேட்டு அலைகிற பென்ஷன்காரர்கள். "ஒரு பூ நட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று பால்காரம்மா பதில் சொல்லிவிட்டார். பூ என்பது ஒரு போகம். ஐப்பசி வாக்கில் நட்டு மாசியில் அறுக்கிற அந்தப் பிசானத்தில் அவர் தனியாக நட்டார். வயலைச் சேறாக்கித் தொளி அடிக்க ஆள் கிடைக்கத் தாமதம், நாற்று கிடைக்கத் தாமதம். எல்லோரும் நட்டு இருபது நாள் கழித்துத்தான் அவர் வயலில் நடவு நடந்தது. இதையெல்லாம் என் மனைவி சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் உம் கொட்டியிருக்கிறேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

காலையில் குளத்துக்கரையில் நடக்கிறவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். தலைமையாசிரியராக இருந்தவர், வங்கியில் இருந்தவர், பட்டாளத்துக்காரர் என்று எல்லோருமே வெளியிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள். அந்த மாசியில் தண்ணீர் இறங்க இறங்க எங்களுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு நாள் நடையில் பட்டாளத்துக்காரர்தான் ஆரம்பித்தார். அறுவடை முடிந்த பிறகும் மடையைத் திறந்தே போட்டிருக்கிறார்கள், இப்படியே விட்டால் பங்குனியில் குளம் கட்டாந்தரையாகிவிடும், பறவையெல்லாம் போய்விடும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேனாவைத் தொடுவதில்லை என்று சொன்னவன் அன்று மத்தியானமே தொட்டேன்.

நான் நேர்மையாகத்தான் விசாரித்தேன் என்று அப்போது நினைத்தேன். மாடியில் ஏறி நின்று பார்த்தேன். மடையை ஒட்டிய வயல்கள் எல்லாம் அறுத்துக் கிடந்தன. வைக்கோல் போர் தெரிந்தது, அறுத்த தாளில் மாடு மேய்வது தெரிந்தது. அதற்கப்பால் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. என் தாத்தா காலத்தில் எங்கள் குடும்பத்துக்கும் நஞ்சை இருந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமையில், வயலைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற எண்ணம் வேறு. "மேற்படி குளத்தின் ஆயக்கட்டு முழுவதும் அறுவடை முடிந்துவிட்ட நிலையில், மடை திறந்திருப்பதால் நீர் வீணாவதுடன், வலசை வரும் பறவைகளின் வாழ்வும் கேள்விக்குறியாகிறது" என்று எழுதினேன். "முழுவதும்" என்ற சொல்லை முதலில் விட்டிருந்தேன். வாசகத்துக்கு வலு வேண்டும் என்று பிறகு சேர்த்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானே பாசன அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுத்தேன். நான்காம் நாள் ஆள் வந்து மடைப் பலகையை இறக்கி, அதை ஏற்றும் திருகில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனான். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் அத்தனை வேகமாகப் பலன் கிடைத்ததில்லை. நடையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள்தான் பால்காரம்மா வாசலில் வந்து நின்றார். தோப்புக்குப் பின்னால் நாலைந்து பேர் வயல் இன்னும் நிற்கிறதாம். மற்றவர்களுக்குக் கிணறு இருக்கிறது, மோட்டார் போட்டுக்கொள்வார்கள். அவருக்குக் குளத்துத் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. "கதிரு பால் புடிக்குத நேரம் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு தண்ணி, ரெண்டே ரெண்டு தண்ணி போதும். எவனோ பூட்டிட்டுப் போயிட்டான். நீங்க ஒரு காயிதம் எழுதித் தந்தியன்னா நான் கொண்டுபோய்க் குடுத்துருவேன்" என்றார். எவனோ என்று அவர் சொன்னபோது என் மனைவி அடுக்களை நிலையில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் வெள்ளைத்தாளை எடுத்தேன்.

இரண்டாவது மனுவை எழுதினேன். அது ஒரு மனுவே இல்லை. "ஏழை விதவையாகிய என்பால் கருணை கூர்ந்து" என்று தொடங்கி, பணிவும் தாழ்மையுமாக ஒரு பக்கத்தை நிரப்பினேன். எழுதியிருக்க வேண்டிய வரி எது என்று எனக்குத் தெரியும். முந்தைய மனுவில் அறுவடை முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது தவறு, கடைமடையில் பயிர் நிற்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். அதை எழுதினால் அந்தத் தவறு யாருடையது என்ற கேள்வி வரும். எழுதவில்லை. பால்காரம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டார். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "நீங்க எழுதினா நடந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதில் ஒன்பதாம் நாள் வந்தது. உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார், வாசித்துச் சொல்லுங்கள் என்று. வாசித்தேன். மேற்படி குளத்தின் ஆயக்கட்டு முழுவதும் அறுவடை முடிந்துவிட்டதாக ஏற்கெனவே வரப்பெற்ற மனுவின் மூலம் தெரியவருவதால், தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதாக இல்லை என்று இருந்தது. என் வாக்கியம், "முழுவதும்" உள்பட, ஒரு எழுத்து மாறாமல். அதை என் வாயாலேயே, ஒரு அலுவலகக் குரலில், அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு, "அறுப்பு முடிஞ்சுட்டுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியலையேம்மா" என்றேன்.

"வயக்காட்டப் பாக்காம எவனோ எழுதிருக்கான். இன்னைக்கு நாளைக்குள்ள ஒரு தண்ணி வந்தாக்கூட பாதி தேறும். மண்ணு வெடிச்சிட்டு அண்ணாச்சி, காலு உள்ள போவுது" என்று சொல்லிவிட்டு, பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு மனைவி வெளியே வந்தாள். "எழுதுனது நீங்கதான? ஒரு வார்த்த சொல்லிரலாம்லா" என்றாள். "சொன்னா இந்த ஊர்ல நாம எப்படி இருக்கது?" என்றேன். "அவ எப்படி இருக்கதுன்னு கேட்டியளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அவள் என்னோடு குளத்துக்கரைக்கு நடக்க வரவில்லை.

அலுவலகத்து அதிகாரியின் எண் என் கைபேசியில் இருந்தது. மடை பூட்டிய அன்று நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டேன். அவர் நான் யாரென்று தெரிந்ததும், "சார், உங்க மனு மாதிரி ஒரு மனு நான் பார்த்ததில்லை, ஆபீஸ் பசங்களுக்கு மாதிரியா வச்சிருக்கேன்" என்றார். எத்தனை வகைப் பறவை வருகிறது என்று கேட்டார். நான் நோட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். நானும் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

அந்த வயலில் அறுக்க ஒன்றும் இல்லை. கதிர் நின்றது, உருவிப் பார்த்தால் பதர். பால்காரம்மா மாட்டை அவிழ்த்து விட்டு மேயவிட்டார் என்று மனைவி வந்து சொன்னாள். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நான் போகவில்லை. சித்திரையில் கொழுந்தனார் நிலத்தைத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டார். ஒரு பூ பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றவர், பார்த்துவிட்டார், சொல்லிவிட்டார். கல் நட்டார்கள். பாதை போடுவதற்காகத் தென்னந்தோப்பை வெட்டினார்கள். இப்போது என் மாடியிலிருந்து கடைமடை வரைக்கும் ஒரு தடையுமில்லாமல் தெரிகிறது. மஞ்சள் அடித்த கற்கள் வரிசையாகத் தெரிகின்றன. அன்று தெரிந்திருக்க வேண்டியது.

அவர் பால் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். கீரை கொண்டுவந்தார். என் மனைவியிடம் பழையபடி பேசினார். என்னைப் பார்த்தால் "அண்ணாச்சி, நல்லாருக்கியளா" என்பார். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் எழுந்திருப்பேன், அவர் வரும் நேரத்துக்கு மாடிக்குப் போய்விடுவேன். நாட்கள் போகப் போக, அவருக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும், தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளவும் பழகிவிட்டேன்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷம் மழை நல்ல மழை. மாசி பிறந்தும் குளம் ததும்புகிறது. திறந்துவிட்டு வாங்கிக்கொள்ள வயல்களும் குறைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து கார்களில் வந்து கரையில் நின்று படம் எடுக்கிறார்கள். போன வாரம் திங்கட்கிழமை காலையில் நான் வாசலில் அகப்பட்டுக்கொண்டேன். பால்காரம்மா, அவரே வாங்கிவந்த வெள்ளைத்தாள் இரண்டை என்னிடம் நீட்டினார். விதவைகளுக்கான உதவித்தொகை கேட்டு மனு கொடுக்க வேண்டும், இரண்டு தடவை கொடுத்தும் பதில் இல்லை என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது என்று யோசிக்கிறவனைப்போலத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படியில் உட்கார்ந்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சொன்னார்.

"அண்ணாச்சி, வயலுக்குத் தண்ணி கேட்டு எனக்கு எழுதித் தந்தியள்லா, அது மாதிரி வேண்டாம். அதுக்கு முன்னால, மடையப் பூட்டச் சொல்லி எழுதுனியள்லா, அது மாதிரி எழுதுங்க. அதுதான் நல்ல மனுன்னு, அந்தப் பதிலு வந்த மறுநாளே நான் போய்க் கேட்டப்ப ஆபீஸ்ல உங்க பேரச் சொல்லி வாசிச்சுக் காட்டுனாவ."