தனபாலின் வெளிநாட்டு ஷாக் அப்சார்பர்

தனபாலுக்குத் தெரியாத ஒரே விஷயம், 'தெரியாது' என்று சொல்வது. ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் இருந்து கொஞ்ச தூரம் மேலே, தகரக் கூரை போட்ட பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக இரண்டு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கிறார். எந்த வண்டி வந்தாலும் அதைப் பற்றி நேற்றுதான் யோசித்துக்கொண்டிருந்தவர் போல ஒரு பார்வை பார்ப்பார். உண்மையிலேயே புரியாத வண்டி என்றால், "பார்ட்ஸ் இங்க கிடைக்காதுங்க. சப்பான்ல இருந்து வரோணும்" என்பார். ஜப்பான் என்றால் ஒரு வாரம். ஜெர்மனி என்றால் ஒரு மாதம். அதற்குள் வண்டியைப் பிரித்துப்போட்டு, பழுது எங்கே என்று கண்டுபிடித்து, அதற்கான சாமானைத் தானே ராவியோ கடைந்தோ போட்டுக் கொடுத்துவிடுவார். வண்டி ஓடும். வாடிக்கையாளர் ஜப்பானைப் புகழ்ந்துகொண்டே போவார்.

வாழவந்தியில் இருந்து மிளகு மூட்டை ஏற்றி வருகிறவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். வண்டி ஓடினால் போதும், எந்த நாடு என்று அவர்கள் கேட்பதில்லை. தனபாலின் மனைவி கலாவுக்கும் தெரியும். சோறு போடும்போது, "ஏனுங்க, இன்னைக்கு எந்தத் தேசம் போய்ட்டு வந்தீங்க?" என்று மரியாதை குறையாமல் கேட்பாள். தனபால் குழம்பில் உப்பு குறைவு என்று பேச்சை மாற்றுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மேக்ஸ்வெல் தன் ஜாவா மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தான்.

மேக்ஸ்வெல் ஏற்காட்டுப் பையன்தான். அவன் அப்பா பெரியநாயகம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து, சைக்கிளிலேயே காலம் தள்ளியவர். மகன் பெங்களூரில் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, நாற்பது வயதில் மன அமைதி தேடித் திரும்பி வந்து, அப்பாவின் ஓட்டு வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தான். சுவரெல்லாம் பழைய சாமான்கள். அப்பா சாகும்வரை தூக்கிப்போடச் சொன்ன அரிக்கேன் விளக்கு இப்போது வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

ஜாவா அந்த வரிசையில் கடைசியாக வந்தது. சேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், புளிய மரத்தடியில் இருபது வருஷம் மழையில் நனைந்து கிடந்ததை வாங்கி, மினி லாரியில் ஏற்றி வந்தான். இறக்கக் கை கொடுத்தவரே தனபால்தான். ஆனால் அடுத்த வாரமே ஹோம்ஸ்டே வாசலில் நின்று விருந்தாளிகளிடம், "இது எங்க தாத்தாவோட வண்டி. எஸ்டேட் துரைங்களோட சேர்ந்து இதுலதான் சுத்துவாரு" என்று அவன் சொல்வதைத் தனபால் காதால் கேட்டார். கேட்டு அசந்துபோனார். தான் சொல்வதாவது ஒரு நட்டு, ஒரு போல்ட்டு. இவன் ஒரு தாத்தாவையே செய்துவிட்டானே என்று அவருக்குத் தொழில்முறையில் ஒரு மரியாதை வந்தது.

வண்டியில் இரண்டு பெரிய வேலைகள் இருந்தன. பின்பக்கம் முழுக்க உட்கார்ந்துபோயிருந்தது. இரண்டு ஷாக் அப்சார்பர்களிலும் ஸ்பிரிங் தளர்ந்து, உள்ளே ராடு துருப்பிடித்து, ஆயில் எப்போதோ மண்ணோடு போய்விட்டது. வலது பக்கம் இடதைவிட இரண்டு விரல் தாழ்வு. தூர இருந்து பார்த்தால் வண்டி ஒரு காலை மடக்கி நிற்பது போல இருக்கும். அடுத்தது வயரிங். ஹெட்லைட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்த வயர்கள் தொட்டால் தூளாயின.

"ஷாக்கு நானே செஞ்சுடறனுங்க சார். ராடும் ஸ்பிரிங்கும் சேலத்துல சொன்னாப் போதும்" என்றார் தனபால். அபூர்வமாக அன்றைக்கு முதல் வார்த்தையே உண்மையாக வந்துவிட்டது.

மேக்ஸ்வெல் சிரித்தான். "தனபால் அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது ஹெரிட்டேஜ் வண்டி. லோக்கல் வேலையெல்லாம் இதுல வேண்டாம். எலக்ட்ரிக்கல் சாமான் நானே ஆன்லைன்ல இம்போர்ட் பண்ணிட்டேன். ஷாக் அப்சார்பர் ஒரிஜினல் கிடைக்குமான்னு மட்டும் பாருங்க."

லோக்கல் வேலை. இருபத்தெட்டு வருஷமாக மலையில் இறங்கி ஏறும் வண்டிகளில் பாதி அந்த லோக்கல் வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தனபாலுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வந்தாலும் சரி, பயம் வந்தாலும் சரி, அவர் வாயில் வருவது ஒன்றுதான்.

"அப்படீன்னா செக்கோஸ்லோவாகியாவுல இருந்துதானுங்க வரோணும். வண்டி பொறந்த ஊரு. நமக்கு ஆள் இருக்குது. ரெண்டு மாசம் ஆகும்."

மேக்ஸ்வெல் முகம் மலர்ந்தது. "அதுதான் அண்ணா எனக்கு வேணும்."

அந்த இரண்டு மாதத்தில் தனபால் செய்த வேலையை அவர் அதற்கு முன் செய்ததில்லை. எப்போதும் ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறவர், இந்த முறை விடவில்லை. ராடுக்காக, உடைக்கப் போட்டிருந்த ஒரு டிப்பர் லாரியின் ஜாக்கியில் இருந்து பளபளவென்று இருந்த துண்டை வெட்டி எடுத்தார். சேலத்தில் தெரிந்த லேத்தில் பக்கத்திலேயே நின்று கடையவைத்தார். ஸ்பிரிங் மூன்று முறை சுற்றப்பட்டது. முதல் ஜோடி கல்லு மாதிரி, இரண்டாம் ஜோடி மெத்தை மாதிரி. மூன்றாவதைத்தான் ஏற்றுக்கொண்டார். ஆயிலை மாற்றி மாற்றி ஊற்றி, சீட்டின் மேல் காப்பி மூட்டையை வைத்துக் கட்டி, பட்டறைக்கு எதிரே இருந்த வேகத்தடையில் ஏற்றி இறக்கினார். மூட்டை ஒரு முறை அமுங்கி, ஒரு முறை எழுந்து, அப்படியே நிற்க வேண்டும். இரண்டாம் முறை ஆடினால் மறுபடி பிரித்தார்.

"மூட்டைக்கு இவ்வளவு சொகுசுங்களா? எனக்கு ஒரு நல்ல பாய் வாங்கித்தர உங்களுக்கு நேரமில்லை" என்றாள் கலா.

முடிந்ததும் ரிசார்ட் குப்பையில் கிடைத்த ஒரு வெளிநாட்டு ஷூ அட்டைப்பெட்டியில் இரண்டையும் வைத்து மேக்ஸ்வெல்லிடம் நீட்டினார். அவன் அதைக் கையில் வாங்கி, ராடின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "ஃபினிஷிங் பாருங்க அண்ணா. நம்ம ஊர்ல சாகுற வரைக்கும் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றான். தனபாலுக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. இதுவரை அவர் சொன்ன பொய்யெல்லாம் சுமாரான வேலையை மறைத்தது. முதன்முறையாக ஒரு பொய் அவருடைய நல்ல வேலையை விழுங்கியிருந்தது.

எலக்ட்ரிக்கல் பக்கம், புது வயர்களைத் தனபால் சுத்தமாக ஓட்டினார். மேக்ஸ்வெல் தருவித்த ரெகுலேட்டர் பெட்டியின் மேல் ஏதோ ஒரு நாட்டுக் கொடி ஒட்டியிருந்தது. டைனமோவில் இருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டை ஒழுங்கு பண்ணுவதுதான் அதன் வேலை. "இது கொஞ்சம் சூடாவுதுங்க சார்" என்று தனபால் சொல்லிப் பார்த்தார். "அது அப்படித்தான் அண்ணா, எலக்ட்ரானிக்" என்றான் மேக்ஸ்வெல்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பனூர் பாதையில். வண்டி கம்மி என்பதால் அந்தப் பாதை. பின்னால் தனபால் உட்கார வேண்டும் என்று மேக்ஸ்வெல் பிடிவாதம் பிடித்தான். உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்திலேயே பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் போட்டார்கள். வெள்ளையாக இருந்த வெளிச்சம் மஞ்சளாயிற்று, மஞ்சள் பழுப்பாயிற்று, பிறகு இல்லை. ரெகுலேட்டர் கண்ணை மூடிவிட்டது. பேட்டரியில் இருந்ததை விளக்கு குடித்துத் தீர்த்தது. கரண்ட் தீர்ந்ததும் இன்ஜினும் நின்றது. ஹாரனும் இல்லை. ஜாவா பனிக்குள் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"பிரேக் புடிங்க சார், ஆனா ஒரேயடியா புடிக்காதீங்க" என்றார் தனபால்.

வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று மேலே ஏறி வந்தது. அதற்கு இவர்கள் இருப்பது தெரிய வழியில்லை. மேக்ஸ்வெல் வண்டியை இடது பக்கம் ஒடித்தான். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி, அந்தப் பக்கம் இருந்த சாக்கடைக் கல்லின் மேல் தொப்பென்று விழுந்தது வண்டி. தனபால் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஆளும் இரும்பும் சேர்ந்த கனம் பின்னால் இறங்கியது. ஒரு முறை அமுங்கியது. ஒரு முறை எழுந்தது. அப்படியே நின்றது.

லாரி போய்விட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

வண்டியை உருட்டியே கொண்டுபோய்க் குப்பனூர் டீக்கடையில் நிறுத்தினார்கள். மேக்ஸ்வெல் இரண்டாவது டீயையும் குடித்து முடித்தான். "நாம உயிரோட இருக்கோம்னா அந்த ஷாக் அப்சார்பர்தான் அண்ணா. செக்கோஸ்லோவாகியாக்காரன் கையைக் கும்பிடணும்." அடுத்து, "ஆனா லைட் போனதுக்கு நீங்கதான் காரணம். வயரிங்ல எங்கயோ விட்டுட்டீங்க" என்றான்.

தனபால் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சார், அந்தக் கை இதுதானுங்க. ஷாக்கு நான் செஞ்சது."

மேக்ஸ்வெல் அவர் தோளைத் தட்டிச் சிரித்தான். "பயத்துல உங்களுக்கு என்னென்னமோ வருது."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இத்தனை வருசம் பொய்யச் சொன்னீங்க, நம்புனாங்க. இப்ப நிசத்தச் சொன்னா அவங்களுக்கு எப்படிங்க ருசிக்கும்?" என்றாள். தனபாலுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சாவின் பக்கம் போய்வந்ததைவிட, ஒரு நல்ல வேலையின் பேர் வேறொருவனுக்குப் போனதுதான் அவருக்குப் பெரிய விபத்தாக இருந்தது.

ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுப் அதே வேலையைச் செய்யும் பழைய கட்-அவுட் பெட்டி ஒன்றைச் சத்தமில்லாமல் சரிசெய்து மாட்டினார். விளக்கு அதற்குப் பிறகு போகவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சேலத்தில் பழைய வண்டிக்காரர்கள் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. மேக்ஸ்வெல் தாத்தா கதையை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனான். நடுவராக வந்தவர் ஏசுராஜ் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர். ஓய்வு பெற்ற இன்ஜினியர். வண்டியின் பின்பக்கம் குனிந்தவர் நிமிர ரொம்ப நேரமாயிற்று. இந்த ஷாக் அப்சார்பர் எங்கே வாங்கியது என்று கேட்டார். செக்கோஸ்லோவாகியாவில் இருந்து போன மார்கழியில் வந்தது என்று மேக்ஸ்வெல் சொன்னான்.

"போன மார்கழியிலயா வந்தது? தம்பி, அந்த நாடு ரெண்டாப் பிரிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே" என்றார் ஏசுராஜ். "வேலை அருமை. ஆனா ஒரிஜினல் இல்லை." மதிப்பெண் குறைந்தது. பரிசும் இல்லை.

மறுநாள் காலையிலேயே மேக்ஸ்வெல் பட்டறையில் நின்றான். "இல்லாத ஒரு நாட்டுல இருந்து எனக்குப் பார்ட்ஸ் வரவழைச்சிருக்கீங்க. நம்பினவனை ஏமாத்திட்டீங்களே அண்ணா."

"அன்னைக்கே டீக்கடையில சொன்னனுங்களே."

"அதுக்கு முன்னாடி பொய்தானே சொன்னீங்க?"

தனபால் கையில் இருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்தார். அவசரப்படாமல் துடைத்தார். "ஆமாங்க. நான் சொன்னது பொய்தான். நீங்க சொல்ற தாத்தா, துரைங்களோட இந்த வண்டியில சுத்துனவரு, எங்க இருந்துங்க இறக்குமதி? மினி லாரியில இருந்து அவரையும் நான்தான் கை கொடுத்து இறக்குனதா நெனப்பு."

பக்கத்துக் கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்து மேக்ஸ்வெல் குரலைத் தாழ்த்தினான். "அது ஸ்டோரி அண்ணா. வேற. இதைக் கழட்டிடுங்க. ஒரிஜினலுக்கு நான் ஆர்டர் பண்ணிட்டேன்."

யாரோ, எங்கோ, எந்தக் காலத்திலோ கழற்றிய அசல் ஷாக் அப்சார்பர் ஜோடி ஒரு வாரத்தில் வந்தது. துருவும் அசல். தனபால் தான் செய்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக் கொடுத்தார். இப்போது மேக்ஸ்வெல் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிறான். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் இருப்பவர் ஒரு அடி எழும்பி, ஒரு சத்தம் போட்டு இறங்குகிறார். "இதுதான் ஒரிஜினல் ஃபீல்" என்கிறான் மேக்ஸ்வெல். இடுப்பில் டாக்டர் கொடுத்த பெல்ட்டைச் சட்டைக்குள் போட்டிருக்கிறான்.

ஏசுராஜ் ஒரு வியாழக்கிழமை தன் பழைய வண்டியோடு பட்டறையைத் தேடிப்பிடித்து வந்தார். "அந்த ஷாக் அப்சார்பர் செஞ்சது யாருங்க?" என்றார். தனபாலின் நாக்கு வரை ஜெர்மனி வந்துவிட்டது. உள்ளேயிருந்து கலா எட்டிப் பார்த்தாள். ஜெர்மனியை விழுங்கிக்கொண்டு, "நான்தானுங்க" என்றார்.

ஏசுராஜ் ஆச்சரியப்படவில்லை, பாராட்டவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆயில் என்ன கணக்குல ஊத்துனீங்க?" என்று கேட்டார். மதியம் வரை இருவரும் பேசினார்கள். ராடு லாரி ஜாக்கியில் இருந்து வந்தது என்பதைத் தனபால் சொன்னபோது, அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். தன் வாயில் இருந்து வந்த ஓர் உண்மையை ஒருவர் எழுதிவைத்துக்கொள்வதைத் தனபால் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன்பின் கோயம்புத்தூரில் இருந்தும் ஈரோட்டில் இருந்தும் பழைய வண்டிகள் வரத் தொடங்கின. எல்லாரும் கேட்டது ஏற்காட்டு ஷாக் அப்சார்பரைத்தான். அந்த மதிப்பில் தனபால் ஒரு மாதம் முழுக்க உண்மையே பேசினார். கலாவுக்கே கொஞ்சம் சலிப்புத் தட்டியது.

அடுத்த மாதம் நாகலூர் பக்கமிருந்து ஒருவர் ஸ்கூட்டருக்குக் கிளட்ச் கேபிள் கேட்டு வந்தார். கேபிள் அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அன்று தனபாலுக்குக் கையில் வேலை அதிகம்.

"கொரியாவுல இருந்து வரோணுங்க" என்றார். "சனிக்கிழமை வாங்க."